முதல் சாட்சியின் கோட்டு

ஜனவரி 9

என் அக்காள் பெற்ற அபூர்வமே, சுருக்கெழுத்துச் சக்கரவர்த்தினியே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இல்லையென்றால் பதிலில் திருத்து. இங்கே நான், உன் அத்தை, தையல் மிஷின் மூவரும் சௌக்கியம். மூவரில் அதிகம் சத்தம் போடுவது யார் என்று எழுதினால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரி மாமா, விஷயத்துக்கு வாங்க" என்று கத்தரி போடுகிறாய். காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

இனிமேல் உன் மாமன் வெறும் தையல்காரன் இல்லை. கொலை முயற்சி வழக்கொன்றில் அரசுத் தரப்பு முதல் சாட்சி. அரசாங்கம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றால்தான் தராசு நேராக நிற்குமாம்.

நம் போர்டு பெயிண்டரை உனக்கு நினைவிருக்கும். ஒல்லி உடம்பு, காதில் தூரிகை. கடைக்கு எதிரே மாடிக்காரர் கட்டிடத்தில் போன மாதம் புதுப் போர்டு எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. பக்கத்து அச்சகத்தின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஆகாயத்தில் போன காக்கை வழுக்கி விழுந்தது. உன் அத்தை சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை விட்டெறிந்தாள். தட்டு விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, காலில் பட்டதும்தான் தெரிந்தது.

அப்போது மாடிக்காரர் வந்தார். இது நான் கேட்ட நீலம் இல்லை என்று ஆரம்பித்தார். பெயிண்டர் இறங்கினான். பேச்சு முற்றியது. இரும்பு ஏணியைத் துரும்பு மாதிரி தலைக்கு மேல் தூக்கி, "இன்னைக்கு உன்னை முடிச்சிட்டுதான்டா மறுவேலை" என்று கர்ஜித்தான் அந்தக் குற்றவாளி. மறுகணம் மாடிக்காரர் தரையில், மண்டை உடைந்து. பிழைத்துவிட்டார். ஆனால் அன்றைய நாளே அவர் நினைவில் இல்லையாம். தெருவிலும் அப்போது வேறு ஆளில்லை. ஆகவே இந்த உலகத்தில் நடந்தது தெரிந்த ஒரே மனிதன் உன் மாமன்.

இன்ஸ்பெக்டர் என் முக்காலியில் உட்கார்ந்து எழுதினார். கடை வாசலில் ஊரே கூடிவிட்டது. நானும் சொன்னேன், திரும்பச் சொன்னேன், வந்தவருக்கெல்லாம் சொன்னேன். கடைசித் தடவை சொன்னபோது சுவரில் இருந்த பல்லி இறங்கி வந்து கேட்டது. "இந்த மாதிரி சாட்சி லேசுல கெடைக்காது மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது தெருவில் எனக்குப் பெயர் சாட்சி சார்.

கோர்ட்டில் ஏறுவதற்காகக் கருநீலத் துணியில் ஒரு கோட்டு வெட்டியிருக்கிறேன். அங்கே யார் யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று உடனே எழுது.

அரசாங்கத்தின் வலது கை,
மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமா,

நான் நலம். கழுத்து வலி மட்டும் உண்டு, அது எங்கள் தட்டச்சுப் பிரிவில் எல்லோருக்கும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது. அத்தையின் தட்டுக்குச் சேதம் இல்லையே?

கேட்டதைச் சொல்கிறேன். உயரத்தில் உட்காருபவர் நீதிபதி. அவருக்கு முன்னால் ஒரு பக்கம் அரசு வழக்கறிஞர், குற்றத்தை நிரூபிப்பது அவர் வேலை. இன்னொரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர். அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அரசுத் தரப்புக் கதையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டினால் போதும். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் டவாலி. நீதிபதிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், சாட்சி சொல்வதை அப்படியே தட்டிக்கொண்டிருப்பவள் என்னைப் போல ஒருத்தி. யாருக்கும் குனிய வேண்டாம். கூண்டில் நிமிர்ந்து நின்றால் போதும்.

அந்தப் பெயிண்டர் குற்றவாளி இல்லை, மாமா. குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வரும்வரை அவருக்கு அந்தப் பெயர்தான். எங்கள் கோர்ட்டில் யாராவது மாற்றிச் சொன்னால் நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதற்குமேல் அங்கே யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். அவர் சொன்னதை உங்கள் காதால் கேட்டீர்களா?

கோட்டு வேண்டாம். வியர்க்கும்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 13

மூக்குக் கண்ணாடி இல்லாமலே என்னைக் கண்டிக்கும் மருமகளே,

உன் கழுத்து வலி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி. சாட்சிகளுக்கு வருகிற உயர்ந்த ரக வலி.

போன வாரம் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். உள்ளே போவதற்கு முன் இன்ஸ்பெக்டர், "எழுதினதை ஒருதரம் படிச்சுக்குங்க மாஸ்டர், வார்த்தை மாறக்கூடாது" என்றார். நான் சொன்னதை நானே படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே மாஜிஸ்திரேட் ஒரு சின்னப் பெண். நான் சொல்லி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

பெயிண்டரின் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. அரசு வழக்கறிஞர் என் வாக்குமூலத்திலிருந்து அந்த ஒரு வரியைத்தான் எழுந்து நின்று படித்தாராம். "உன் உயிரு இன்னைக்கு என் கையிலதான்டா." அதைக் கேட்டபின் எந்த நீதிபதிதான் ஆளை வெளியே விடுவார்? என் வசனம் கோர்ட்டில் ஒலித்துவிட்டது. அத்தையிடம் சொன்னேன். "அவன் பொண்டாட்டி லாண்டரியில இஸ்திரி போடுறா, தெரியுமா?" என்றாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இருக்கிறதா பார்.

கோட்டுக்கு இடது கை ஏற்றியாயிற்று. வலது கை பாக்கி.

மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமா,

நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். மிஷினை மிதிக்கும் காலா, மற்றதா?

இன்று பாடம் கொஞ்சம் கனமானது. ஒருவர் தலையில் ஏணி பட்டால் அது விபத்தாக இருக்கலாம், கவனக்குறைவாக இருக்கலாம், கோபத்தில் உண்டாக்கிய காயமாக இருக்கலாம், கொலை முயற்சியாகவும் இருக்கலாம். நாலிலும் ஏணி ஒன்றுதான், மண்டையும் ஒன்றுதான். அடித்தவர் மனதில் இருந்தது என்ன என்பதுதான் வித்தியாசம். அதற்கு நோக்கம் என்று பெயர். மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது. அதனால் வாயிலிருந்து வந்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள். விசாரணை தொடங்கும்போது நீதிபதி குற்றச்சாட்டை எழுதிப் படித்துக் காட்டுவார். அதைக் குற்றச்சாட்டு வனைவது என்போம், மண்ணைப் பிசைந்து பானை வனைகிற மாதிரி. இந்த வழக்கில் மண் முழுக்க உங்களுடையது.

உங்கள் முதல் கடிதத்தில் அவர் சொன்னது ஒன்று. இரண்டாவதில் வேறு ஒன்று. அத்தை எறிந்த தட்டு கேட்காத ஜெனரேட்டரில், தெருவுக்கு அந்தப் பக்கம் பேசியது கேட்டிருக்கிறது.

சாட்சிக்கு இதைச் சொல், இப்படிச் சொல் என்று யாரும் சொல்லித்தரக் கூடாது. கோர்ட்டில் வேலை பார்க்கும் நான் அறவே கூடாது. ஆகவே வார்த்தைகளுக்கு அர்த்தம் மட்டும் எழுதுகிறேன். என் பழைய கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்


மே 4

அன்பு மருமகளே,

பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். பேனாவில் மை இல்லை. மை வாங்கியபின் காகிதம் இல்லை. இரண்டும் வந்தபின் முழங்கால் இல்லை. மிதிக்கிற கால்தான்.

வழக்கு வாய்தாவில் போய்க்கொண்டிருக்கிறது. முதல் வாய்தாவில் வக்கீல் வரவில்லை. அடுத்ததில் நீதிபதிக்கு மாற்றல். அதற்கடுத்ததில் எல்லாரும் வந்தார்கள், பெயிண்டரைச் சிறையிலிருந்து கொண்டுவர வண்டி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சவரம் செய்து, சட்டை போட்டு, வராந்தாவில் நின்று நின்று அங்கிருக்கும் தூணுக்கும் எனக்கும் உறவு முறை ஏற்பட்டுவிட்டது. திரும்பி வந்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது. நேற்று ஒருவர் கால்சட்டையில் இரண்டு இடது காலை வைத்துத் தைத்துவிட்டேன். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

சொல்ல மறந்தேன், பெயிண்டரின் மனைவி வந்திருந்தாள். முன்பு நான் அவனுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை மேஜைமேல் வைத்தாள். இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல்.

"கோர்ட்டுக்குக் கொண்டாரப்போ போட்டுக்க. தொளதொளன்னு தொங்குது. பிடிச்சுக் குடுங்க."

"எவ்வளவு பிடிக்கணும்?"

"நீங்களே பாருங்க" என்று ஒரு கயிற்றைக் கொடுத்தாள். போன ஜாமீன் மனு விசாரணையின்போது கோர்ட் வராந்தாவில் வைத்து, காவலர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இடுப்பைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்ட கயிறாம். டேப் வைத்துப் பார்த்தேன். இடுப்பில் இரண்டரை அங்குலம் குறைந்திருந்தது.

வேறொன்றும் அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இரண்டு பக்கத்துக்கு உனக்கு எழுதியிருப்பேன்.

கோட்டின் வலது கை இன்னும் ஏறவில்லை.

ஒரு சின்ன சந்தேகம். எனக்கில்லை. எனக்குத் தெரிந்த பொத்தான் கடைக்காரர் ஒருவர் கேட்கச் சொன்னார். முன்பு சொன்னதை ஒரு சாட்சி கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்?

மாமா


மே 15

அன்புள்ள மாமா,

கழுத்து வலி போய் முதுகுக்கு வந்திருக்கிறது. மற்றபடி நலம்.

பொத்தான் கடைக்காரருக்கு என் வணக்கம். அவரிடம் சொல்லுங்கள்: சாட்சியை அழைத்துவந்த தரப்பு முதலில் கேட்கும். அது முதல் விசாரணை. அதில் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. "அவர் ஏணியைத் தூக்கினார்தானே" என்று கேட்கக் கூடாது, "என்ன பார்த்தீர்கள்" என்றுதான் கேட்கலாம். பிறகு எதிர்த் தரப்பு கேட்கும். அது குறுக்கு விசாரணை. அங்கே எப்படி வேண்டுமானாலும் குடையலாம். முன்பு சொன்னதற்கு மாறாகச் சாட்சி சொன்னால், அவரைக் கொண்டுவந்த தரப்பே நீதிபதியின் அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்யும். அந்தச் சாட்சிக்குப் பிறழ் சாட்சி என்று பெயர். கேட்க நன்றாக இருக்காது.

சட்டையில் பிடித்த துணியை வெட்டினீர்களா?

மருமகள்


ஜூன் 20

அன்புள்ள மருமகளுக்கு,

உன் முதுகு இப்போது எப்படி? அத்தை தைலம் அனுப்புகிறாள். திருகித் திறக்காதே, சிந்தும்.

வெட்டவில்லை. உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன்.

பொத்தான் கடைக்காரர் இருக்கிறாரே, பாவம், ஆள் சரியாகத் தூங்குவதில்லை. அவருக்கு நடந்தது இது. அவர் கடை எதிரிலும் ஒரு தகராறு. அன்றைக்கு அங்கேயும் கரண்ட் இல்லை. உள்ளே இருட்டாக இருந்ததால் ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நூல் கோத்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, நூல் முனையை ஈரம் பண்ணி ஈரம் பண்ணி நுழைத்தாலும் போகவில்லை. எதிரே இரண்டு பேர் கையை ஆட்டிக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. ஏன் விழவில்லை என்று உனக்குத் தெரியும். நூல் நுழைந்த சந்தோஷத்தில் நிமிர்ந்தார். ஒருவர் கீழே கிடந்தார்.

அவ்வளவுதான் அவர் பார்த்தது. ஊசியின் காதைப் பார்த்தார்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று சுற்றி நின்றார்கள். அத்தனை முகமும் தன்னையே பார்க்கும்போது ஒருவர் "தெரியாது" என்று எப்படிச் சொல்வது? அதிலும் பிறந்ததிலிருந்து எதையும் இருக்கிற அளவில் சொல்லிப் பழகாத பொத்தான் கடைக்காரர். ஏணி சரிந்ததா தூக்கினானா என்று தெரியாத இடத்தில் தூக்க வைத்தார். வாய் அசைந்த இடத்தில் வசனம் வைத்தார். மறுநாளைக்குள் அவருக்கே கேட்டது மாதிரி ஆகிவிட்டது. சில நாள் இரவு இப்போதும் அந்தக் குரல் கேட்கிறதாம். பெயிண்டர் குரல் இல்லை. அவருடைய சொந்தக் குரல்.

அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?

அடுத்த மாதக் கடைசியில் எனக்குச் சம்மன்.

மாமா


ஜூலை 2

அன்புள்ள மாமா,

தைலம் வந்தது. வழியிலேயே சிந்திவிட்டது. நன்றி சொன்னேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

பொத்தான் கடைக்காரருக்கு நான் பதில் சொல்லக் கூடாது. அவரை ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வக்கீல் முதலில் பயமுறுத்துவார். மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து சொன்னதைக் கூண்டில் மறுத்தால், பொய்ச் சாட்சி என்று அவர் மேலேயே வழக்கு வரலாம். சிறைகூடக் கிடைக்கலாம். இது பூச்சாண்டி இல்லை, நான் தட்டியிருக்கிறேன் அப்படி ஒரு வழக்கை.

அர்த்தம் மட்டும் எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, இன்னும் ஒன்று பாக்கி. சந்தேகத்தின் பலன். நடந்தது இதுதான் என்று நீதிபதிக்கு நியாயமான சந்தேகம் இல்லாமல் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இந்தக் கட்டிடத்தில் நான் தட்டுகிற வார்த்தைகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இன்னொன்று, இது சட்டம் இல்லை. சாட்சி பேசாமல் நின்றால் அதையும் நாங்கள் எழுதுவோம். "சாட்சி சிறிது நேரம் பதில் சொல்லவில்லை." ஆகவே அவசரம் வேண்டாம்.

இந்தத் தடவை எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, மாமா. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 1

மருமகளே,

நலமாக இரு. நான் இருக்கிறேன்.

நேற்றுக் கூண்டில் ஏறினேன். கோட்டு போடவில்லை. காலையில் ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு அப்படியே கிளம்பியதில் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. டவாலி கூப்பிட்டார். சத்தியம் செய்தேன். அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்து, பழைய சிநேகிதனைப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

"சம்பவத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"கடை வாசல்ல."

"என்ன பார்த்தீங்க?"

வாய் திறந்தது. அந்த வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது, வெளியே வரத் துடித்தது. நீதிபதிக்குக் கீழே தட்டச்சுக்காரப் பெண் ஒருத்தி விரலை விசைமேல் வைத்துக் காத்திருந்தாள். பெயிண்டர் எதிர்க் கூண்டில், அந்த வெள்ளைச் சட்டையில். இடுப்பில் சரியாக உட்கார்ந்திருந்தது. தோளில் நான் கவனிக்கவில்லை, அங்கேயும் பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தப் பெண் ஏதோ ஒரு வரி தட்டினாள். என்ன வரி என்று எனக்குத் தெரியும்.

"ஊசியில நூல் கோத்துட்டிருந்தேன் சார். ஊசிக் காதைத்தான் பார்த்தேன்."

பின்னால் சிரித்தார்கள். நான் பேசிச் சிரிக்காதவர்கள் மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். நேற்றுச் சிரித்தவர்கள் மேல் வந்தது.

"அவர் என்ன சொன்னார்னு கேட்டுச்சா?"

"இல்ல சார். ஜெனரேட்டர் ஓடிச்சு."

அவர் சிரிப்பு போயிற்று. நீதிபதியிடம் அனுமதி வாங்கினார். அதற்குப் பிறகு நான் யார் என்று நீதான் முன்பே எழுதிவிட்டாயே.

"போலீஸ்ல சொன்னது?"

"நானாக் கட்டிச் சொன்னது சார்."

"மாஜிஸ்திரேட் முன்னாடி சத்தியம் பண்ணிச் சொன்னது?"

"அதுவும்தான்."

"இவரோட மனைவி உங்க கடைக்கு வந்தாங்களா இல்லையா?"

"வந்தாங்க. சட்டையைப் பிடிக்க."

"சட்டையைப் பிடிக்கவா, சாட்சியைப் பிடிக்கவா?"

"இடுப்புல ரெண்டரை அங்குலம் சார்."

நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்தார். "அது என்ன கணக்கு?"

"ஜெயில்ல அவர் இளைச்ச கணக்குங்கய்யா."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். டேப். கழற்றப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இவ்வளவு சரியா அளக்கிறவர், அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அளக்கிறதுக்கு டேப் இருந்துச்சுங்கய்யா. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

இதையும் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. பழைய ஆளாக இருந்தால் இதற்கே இரண்டு நாள் தெருவில் நடந்து காட்டியிருப்பேன்.

"நிமிர்ந்து பார்த்தப்போ என்ன தெரிஞ்சது? தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

உனக்குக்கூட எழுதாத ஒன்று இருந்தது, மருமகளே. பொத்தான் கடைக்காரர் பெயரில்கூட எழுதவில்லை. அதைச் சொன்னேன்.

"மாடிக்காரர் கீழ கிடந்தாருங்கய்யா. ஏணி சாஞ்சு கிடந்துச்சு. இவர் தன் துண்டை அவர் தலையில வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுட்டு, யாராவது வருவாங்களான்னு தெருவைப் பார்த்துட்டிருந்தாரு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அதைச் சேர்த்தால் கதை நிற்காது என்று விட்டேன். அப்படியே சொன்னேன். அதையும் அந்தப் பெண் தட்டினாள்.

எதிர்த் தரப்பு வக்கீலின் முறை வந்தது. என்னைக் கிழித்துத் தோரணம் கட்டக் கட்டுக் கட்டாகக் காகிதம் கொண்டுவந்திருந்தார். எழுந்தார், "கேள்வி இல்லை" என்றார், உட்கார்ந்து நாடாவைக் கட்டினார்.

இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. டவாலிதான் பிடித்துக்கொண்டார்.

மாமா


ஆகஸ்ட் 11

அன்புள்ள மாமா,

நலம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு இடத்திலும் காக்கை விழவில்லை. உங்கள் கையெழுத்துதானா என்று மறுபடி பார்த்தேன்.

அந்தத் தட்டச்சுக்காரி என்னைவிட வேகமா?

தீர்ப்பு வந்ததும் எழுதுங்கள். எது வந்தாலும் எழுதுங்கள்.

மருமகள்


அக்டோபர் 17

என் அக்காள் பெற்ற அபூர்வமே,

உன் முதுகும் கழுத்தும் சமாதானமாக இருக்கின்றனவா? என் முழங்காலும் நானும் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம்.

தீர்ப்பு வந்துவிட்டது. உனக்குப் பிடித்த அந்த வார்த்தையைத்தான் நீதிபதி படித்தார். பெயிண்டரை விட்டுவிட்டார்கள். அதே தீர்ப்பில் எனக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். பொய்யாக வாக்குமூலம் கொடுத்ததற்கு என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. சாட்சியாக இருந்தவனுக்குக் குற்றம் சாட்டப்பட்டவனாகப் பதவி உயர்வு. வக்கீல் பார்த்தாயிற்று. உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பார்ப்போம், பிறகு நீதிபதி விட்ட வழி என்றார். நான் நடுங்கவில்லை என்று எழுதினால் அது என் பழைய ரகம். நடுங்குகிறேன். அத்தை நோட்டீஸைப் படித்துவிட்டு, "கோட்டை முடிச்சு வைங்க, இப்ப தேவைப்படும்" என்றாள். அது இன்னும் ஒற்றைக் கையோடு ஆணியில் தொங்குகிறது. சத்தியம் செய்ய ஒரு கை போதும், ஆனால் ஏற்றியிருப்பது இடது கையாகப் போய்விட்டது.

தெருவில் இப்போது யாரும் சாட்சி சார் என்பதில்லை. இன்ஸ்பெக்டர் போகிற வழியை மாற்றிக்கொண்டார்.

நேற்றுப் பெயிண்டரின் மனைவி வந்தாள். அதே சட்டை, அதே மடிப்பு.

"பிரிச்சு விடணும்."

"எவ்வளவு?"

"உத்தேசமா விடுங்க."

"உத்தேசமெல்லாம் நிறுத்தியாச்சும்மா. ஆளை வரச் சொல்லுங்க."

அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பாதி எழுதி நின்றுபோன போர்டுக்குக் கீழே அவன் நின்றுகொண்டிருந்தான். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினான். டேப்பைச் சுற்றினேன். கொஞ்சம் தேறியிருக்கிறான். முழுசாக இல்லை, ஒன்றேகால் அங்குலம். நல்லவேளை, துணி உள்ளேயே இருக்கிறது.

நேற்றும் கரண்ட் இல்லை. அச்சகத்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் டேப்பை எடுத்தபோது அவன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். இரண்டு வார்த்தையோ மூன்றோ. வாய் அசைந்தது தெரிந்தது. இன்னொரு தடவை சொல்லப்பா என்று கேட்பதற்குள் படியிறங்கித் தெருவைத் தாண்டிவிட்டான்.

என்ன சொல்லியிருப்பான் என்று ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்தேன். நல்லதாக நாலு, கெட்டதாக நாலு, எட்டு வசனம் வந்தது. ஒவ்வொன்றும் ஒன்றைவிட ஒன்று பிரமாதம். உனக்கு எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது.

கேட்கவில்லை, மருமகளே.

உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள் அத்தை. பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். இது என் காதால் கேட்டது.

மாமா